வெதுவெதுப்பு என்றால் எத்தனை டிகிரி?

தேன்கனிக்கோட்டை வட்டம்,
19.01.2026

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இந்த மாதத் தொடக்கத்தில் உங்கள் விவசாயப் பக்கத்தில் ராட்சதப் பூசணியைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. இங்கிலாந்தில் இயன் பேட்டன், ஸ்டூவர்ட் பேட்டன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2025 அக்டோபரில் 1,278 கிலோ எடையுள்ள ஒரே காயைக் கொண்டுவந்து உலக சாதனை படைத்த படமும் அதில் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எங்கள் ஊர் டீக்கடையில் ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு எனக்குத் தெரிந்தே மூன்று பேர் விதைக்கு ஆர்டர் போட்டுவிட்டார்கள்.

கட்டுரை முழுவதும் எருவைப் பற்றியும், கொடியைப் பற்றியும், காயைத் திருப்பி வைப்பதைப் பற்றியும் விவரமாக இருந்தது. முளைப்பு பற்றி மட்டும் ஒரே ஒரு வரி. விதையை வீட்டுக்குள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்து முளைக்க வைக்க வேண்டும் என்று இருந்தது. அந்த 'வெதுவெதுப்பான' என்ற சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அதே சொல்லை நம்பி நான் இரண்டு தை மாதங்களில் 11 விதைகளை இழந்திருக்கிறேன். ஒரு விதை 40 ரூபாய். பணம் போனால் போகட்டும், ஒரு வருடத்து விதைப்புப் பட்டமே போய்விடுகிறது. டீக்கடையில் படம் பார்த்த மூன்று பேரும் அதே மாதிரி இழக்கக் கூடாது.

நான் தளி ஒன்றியத்தைச் சேர்ந்தவள். 28 வருடமாகப் பட்டுப்புழு வளர்க்கிறோம். இரண்டு ஏக்கர் மல்பெரி, எல்லாம் வி-1 ரகம். இளம்புழுவை இன்றும் நாங்களே வளர்த்து, பக்கத்தில் நான்கு குடும்பங்களுக்கும் கொடுக்கிறோம். எங்கள் தொழிலில் வெதுவெதுப்பு என்று யாரும் சொல்வதில்லை. புழு தோலுரித்துத் தோலுரித்து ஐந்து பருவமாக வளரும். முதல் இரண்டு பருவப் புழுவுக்கு 27 முதல் 28 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 85 முதல் 90 சதவீதம். ஐந்தாம் பருவத்துக்கு வரும்போது 24, 25 டிகிரிக்கு இறக்கிவிட வேண்டும். சுவரில் ஈர உலர் வெப்பமானி தொங்கும்; ஒரு பக்கம் சும்மா, மறுபக்கம் ஈரத்துணி சுற்றிய இரட்டை வெப்பமானி அது. ராத்திரி 2 மணிக்கு எழுந்து டார்ச் அடித்துப் பார்த்து, குறைந்திருந்தால் ஹீட்டர் போடுவோம். இரண்டு டிகிரி தவறினால் புழு ஒரே நேரத்தில் தோலுரிக்காது. தோலுரிப்பு முன்பின்னானால் கூட்டின் தரம் போய்விடும், மார்க்கெட்டில் விலையும் போய்விடும்.

இவ்வளவு தெரிந்தும் பூசணி விதை என்று வந்தபோது நான் அளக்கவே இல்லை. பூசணிதானே என்று இருந்துவிட்டேன். நம் ஊரில் பூசணிக்கு யார் முளைப்பு பார்க்கிறார்கள்? குப்பைமேட்டில் எறிந்த விதை தானாக வருகிறது. மார்கழிக் கோலத்தில் சாணப் பிள்ளையாருக்குச் சூட்டும் பூ, ஆடிப்பட்டத்தில் தானாக முளைத்த கொடியில்தான் பூக்கிறது. அப்போது மண் சூடாக இருக்கிறது. குப்பைமேட்டுக்குள் கை வைத்துப் பாருங்கள், எரு மக்கும் சூடு எப்போதும் இருக்கும். விதை தானாக முளைக்கவில்லை, அந்தச் சூடுதான் முளைக்க வைக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நம் நாட்டுப் பூசணி பெரும்பாலும் வேறு இனம். கோ-1, கோ-2 ரகங்கள் எல்லாம் குக்கர்பிட்டா மொஸ்கேட்டா என்ற இனம். ராட்சதப் பூசணி குக்கர்பிட்டா மேக்சிமா. அட்லாண்டிக் ஜெயன்ட் என்ற இந்த ரகத்தைக் கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்து விண்ட்சர் ஊரைச் சேர்ந்த ஹோவர்ட் டில் என்ற விவசாயி பல வருடம் தேர்வு செய்து உருவாக்கினார். அதற்கு முன்பு கனடாவின் வில்லியம் வார்னாக் 1904-ல் செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்குக் கொண்டுபோன 403 பவுண்டு, அதாவது சுமார் 183 கிலோ காய்தான் 1976 வரை சாதனையாக இருந்தது. அந்த 183 இன்று 1,278 ஆகியிருக்கிறது. அந்த நாடுகளில் ஏப்ரல் கடைசியிலும் உறைபனி விழும். அதனால் விதையை வீட்டுக்குள் முளைக்க வைத்து, பனி நின்ற பிறகு வெளியே நடுகிறார்கள். 27 முதல் 32 டிகிரிக்குள் மண்ணை வைத்தால் மூன்று முதல் ஐந்து நாளில் முளை வெளியே வரும். 16 டிகிரிக்குக் கீழே அநேகமாக முளைக்காது. 38-ஐத் தாண்டினால் விதை கெட்டுவிடும்.

நமக்கு உறைபனி இல்லையே, வீட்டுக்குள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் மேட்டு நிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். தளியைக் குட்டி இங்கிலாந்து என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே சொல்கிறார்கள். தையில் விடியற்காலை வாய் திறந்தால் புகை வரும். ஆனால் இந்தப் பூசணிக்கு ஏப்ரல், மே வெயில் ஆகாது. காய் பிடித்துப் பெருக்கும் காலம் வெயிலுக்கு முன்னால் வர வேண்டும் என்றால் தை பிறக்கும்போதே நாற்று கையில் இருக்க வேண்டும். அதுவுமில்லாமல் ராகி அறுவடை முடியும்வரை ஜவளகிரி காட்டுப் பக்கம் யானைகள் இருக்கும். பூசணிக் கொடியை அவை விட்டுவைக்காது. அவை திரும்பிப் போகிற வரைக்கும் செடி வீட்டுக்குள் இருப்பது எல்லா வகையிலும் நல்லது.

முதல் முறை, 2024 தையில், ஆறு விதை. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய்நார்க் கழிவு நிரப்பிய கப்புகளில் ஊன்றி, சமையலறைக்குப் பின்னால் உள்ள அறையில் வைத்தேன். அடுப்புப் பக்கம் என்பதால் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. தினமும் காலையில் தண்ணீர் தெளித்தேன். 14 நாள் ஆகியும் ஒன்றும் வரவில்லை. கிளறிப் பார்த்தால் ஆறும் கூழ். கையில் எடுத்ததும் நாற்றம் தாங்கவில்லை. விதை விற்றவரிடம் போனில் சொன்னேன். தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றார். அது பாதி உண்மை.

மீதிப் பாதியைச் சொன்னது என் மகள் வயிற்றுப் பேரன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். "ஆயா, புழுவுக்கு டிகிரி பாக்குற, விதைக்கு ஏன் பாக்கல?" என்று கேட்டான். எனக்குப் பதில் இல்லை. அன்றைக்கே புழு வளர்க்கும் மனையிலிருந்து வெப்பமானியை எடுத்துவந்து அந்த அறையில் மாட்டினோம். காலை 6 மணிக்கு உலர் பக்கம் 17, ஈரப் பக்கம் 14. மதியம் உலர் 24, ஈரம் 18. பேரன் மீன்தொட்டிக்காக வைத்திருந்த ஒயர் நுனி வெப்பமானியை ஈரமான காலிக் கப்புக்குள் செருகினான். காலையில் அது காட்டியது 15. அறை 17, மண் 15.

இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. பட்டு விவசாயிகள் யாருக்கும் இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். திறந்து வைத்த ஈரமான கப் என்பது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி மாதிரி. காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு மண் அறையைவிடக் குளிர்ந்துபோகும். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது இப்படித்தான். நான் தினமும் காலையில் குழாய்த் தண்ணீரைத் தெளித்து, ஏற்கெனவே குளிர்ந்த மண்ணை மேலும் குளிர வைத்துக்கொண்டிருந்தேன். அறையின் சூட்டைப் பார்த்துத் திருப்திப்பட்டேன். விதை இருந்தது மண்ணில்.

அந்தக் குளிரில் விதை தண்ணீரைக் குடித்து ஊதும், ஆனால் வேலை தொடங்காது. உள்ளே இருக்கும் எண்ணெயும் புரதமும் உணவாக மாறச் சூடு வேண்டும். விதை சும்மா கிடக்கும் அந்த நாட்களில் நாற்றழுகல் பூஞ்சணம் சும்மா இருக்காது. 15, 16 டிகிரியிலும் அது பரவும். 14 நாள் என்பது அதற்குத் தாராளமான நேரம். விதை விற்றவர் சொன்ன தண்ணீர் அதிகம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். சொதசொதவென்று இருக்கும் மண்ணில் காற்று இல்லை, முளைக்கும் விதைக்கு மூச்சு வேண்டும்.

சரி, புழு மனையில்தான் 28 டிகிரி தயாராக இருக்கிறதே, அங்கேயே வைத்துவிடலாம் என்று நினைத்தேன். என் கணவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "பிளீச்சிங் பவுடர் போட்டு, சுண்ணாம்பு அடிச்சு வச்ச மனைக்குள்ள மண்ணக் கொண்டு வராத" என்றார். அவர் சொன்னதுதான் சரி. புழு மனைக்குள் எரு, மண், பூஞ்சணம் எதுவும் போகக் கூடாது. பட்டு வளர்க்கும் வீட்டில் யாரும் அந்தத் தவறைச் செய்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். விதைக்குப் பூஞ்சாணக்கொல்லி மருந்து தடவுவதையும் மனைக்கும் மல்பெரிக்கும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அதனால் 2025 தையில் தனியாக ஒரு பெட்டி செய்தோம். கிருஷ்ணகிரி மண்டிக்கு மாங்காய் போகும் மரப்பெட்டி ஒன்று. உள்ளே நான்கு பக்கமும் தெர்மோகோல். நடுவில் ஒரு 60 வாட் குண்டு பல்பு. மூடினோம். மூன்று மணி நேரம் கழித்துக் கையை விட்டுப் பார்த்தேன், இதமாகத்தான் இருந்தது. காலையில் வெப்பமானி 41 காட்டியது. கப்பு மண்ணும் 40-ஐத் தொட்டிருந்தது. ஐந்து விதையும் போச்சு. இந்த முறை நாற்றம் இல்லை. வேகவைத்த கொட்டை மாதிரி அமுக்கினால் நசுங்கியது. கைக்கு இதம் என்பது எவ்வளவு ஏமாற்றும் என்று அன்றைக்குப் பார்த்தேன். குளிர்ந்த காலையில் நம் கை 24 டிகிரியையும் இதம் என்கிறது, 38 டிகிரியையும் இதம் என்கிறது. அந்த 14 டிகிரிக்குள்தான் விதை முளைப்பதும் சாவதும் இருக்கிறது.

என் மாமியார் இருந்திருந்தால் இரண்டு முறையும் தோற்றிருக்க மாட்டார். சுரைக்கும் பீர்க்குக்கும் அவர் விதையைச் சாம்பல் தொட்ட ஈரத்துணியில் முடிந்து, முந்தானைக்குள் வைத்து இடுப்பில் செருகிக்கொள்வார். ராத்திரி படுக்கும்போதும் அது அவரோடு இருக்கும். மூன்றாம் நாள் அவிழ்த்தால் வெள்ளையாக முளை எட்டிப்பார்க்கும். உடம்புச் சூடு துணிக்கு வெளியே 32, 33 டிகிரி இருக்கும். ஏறாது, இறங்காது. ஈரமும் காயாது. அவருக்கு வெப்பமானி தெரியாது, ஆனால் எப்போதும் ஒரே அளவாக இருக்கும் சூடு எங்கே கிடைக்கும் என்று தெரிந்திருந்தது.

மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. 2025 மாசியில் அதே மாங்காய்ப் பெட்டி. 60 வாட்டை எடுத்துவிட்டு 15 வாட் குண்டு பல்பு இரண்டு. இதை ஜீரோ வாட் பல்பு என்று சொல்லிக் கடையில் கேட்டால் இப்போது எல்.இ.டி.யைக் கொடுக்கிறார்கள். அதில் வெளிச்சம் உண்டு, சூடு கிடையாது. பழைய கம்பி எரியும் பல்புதான் வேண்டும். ஓசூரில் ஒரு பழைய எலெக்ட்ரிக்கல் கடையில் தேடிப் பிடித்தோம். பல்பு தெர்மோகோலைத் தொட்டால் உருகித் தீப்பிடிக்கும். அதனால் இரண்டையும் ஓட்டை போட்ட மண்சட்டிக்குள் கவிழ்த்து வைத்தோம். சட்டி சூட்டை வாங்கி மெதுவாகக் கொடுக்கிறது, விதைக்கு நேராக அனல் அடிப்பதில்லை. ஒயர் இணைப்பு எதுவும் ஈரம் படும் இடத்தில் இருக்கக் கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

முட்டை பொரிக்கும் பெட்டி செய்பவர்கள் ஒரு சின்ன தெர்மோஸ்டாட் போடுவார்கள். 300 ரூபாய்க்குள் கிடைக்கிறது. 28.5-க்கு வந்தால் பல்பு எரியும், 29.5 ஆனால் அணையும். அதன் சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பெட்டிக் காற்றில் தொங்கவிட்டால் காற்றின் சூட்டைத்தான் அது பார்க்கும். நாங்கள் விதை போடாத ஒரு கப்பில், மற்ற கப்புகளில் இருக்கும் அதே கலவையை அதே ஈரத்தோடு நிரப்பி, விதை இருக்கும் ஆழத்தில் சென்சாரைப் புதைத்தோம். எல்லாக் கப்புக்கும் அந்தக் கப்பு சாட்சி. விதைக்கு என்ன சூடோ அதையே கருவியும் பார்க்கிறது.

அப்புறம், கப்புகளை மூடுவது. இளம்புழுத் தட்டில் இலை வாடாமலிருக்க மெழுகுத்தாள் விரிப்போம் அல்லவா, அதில் மிச்சம் இருந்ததை வெட்டி ஒவ்வொரு கப்பின் வாயிலும் போர்த்தினேன். ஈரம் வெளியேறாதபோது மண் குளிர்வதும் நின்றுபோகிறது. அதன் பிறகு பெட்டிக் காற்றுக்கும் கப்பு மண்ணுக்கும் அரை டிகிரிதான் வித்தியாசம். முளை வரும்வரை மறுபடி தண்ணீர் விடத் தேவையே இருக்கவில்லை. மெழுகுத்தாள் இல்லாதவர்கள் பாலிதீன் தாளில் இரண்டு ஓட்டை போட்டுக்கொள்ளலாம்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று என் தங்கை கேட்டாள். சென்ற வருடம் ஒரு ராத்திரி மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் மண் 21-க்கு இறங்கிவிட்டது. இந்த வருடம் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கை நிரப்பி, மூடி, பெட்டியின் நான்கு மூலையிலும் வைத்துவிட்டேன். பல்பின் சூட்டில் அந்தத் தண்ணீரும் 29 டிகிரிக்கு வந்துவிடுகிறது. கரண்ட் போனால் அது மெதுவாகச் சூட்டை விடும். இந்த மாதம் 10-ஆம் தேதி ராத்திரி இரண்டரை மணி நேரம் கரண்ட் இல்லை. மண் 26.5-க்குக் கீழே போகவில்லை. தங்கள் வீட்டில் பழைய மீன்தொட்டி ஹீட்டர் இருப்பவர்கள் அதைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, மேலே தட்டு வைத்துக் கப்புகளை வைத்தாலும் போதும். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விதையைத் தயார் செய்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோல் தடிமன் என்பதால் ஓரங்களை உப்புத்தாளில் லேசாகத் தேய்க்கலாம். கூரான முனையைத் தொடாதீர்கள், வேர் வருவது அங்கிருந்துதான். இரண்டு மணி நேரம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறினால் போதும், ராத்திரி முழுக்க வேண்டாம். கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். கலவையைக் கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது, பிடி உருண்டையாக நிற்க வேண்டும். கலவையையும் தண்ணீரையும் முதல் நாளே பெட்டிக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் விதை போட வேண்டும். இதை நான் சென்ற வருடம் செய்யவில்லை. இந்த வருடம் செய்ததில் முளை ஒரு நாள் முந்தியது.

முளை மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்ததும் பெட்டியை விட்டு எடுத்துவிடுங்கள். இதைச் சொல்லாவிட்டால் பாதிப் பேர் இங்கேதான் தவறுவார்கள். 29 டிகிரி முளைப்புக்குத்தான். முளைத்த பிறகும் அந்தச் சூட்டில் இருட்டில் வைத்திருந்தால் தண்டு ஒரே நாளில் நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும். ஐந்தாம் பருவப் புழுவுக்கு நாம் சூட்டைக் குறைப்பது மாதிரி, இதற்கும் 22, 23-க்கு இறக்கி நல்ல வெளிச்சத்தில் வைக்க வேண்டும். சில செடிகளில் விதைத்தோல் தொப்பி மாதிரி இலையைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஈரப் பஞ்சை அரை மணி நேரம் வைத்து ஊறவிட்டு மெல்லக் கழற்றினால் வந்துவிடும். காய்ந்திருக்கும்போது இழுத்தால் இலை கிழியும். முதல் உண்மையான இலை எந்தப் பக்கம் வருகிறதோ, கொடி அதற்கு எதிர்ப்பக்கம் ஓடும். நடும்போது அதைப் பார்த்து நட்டால் கொடி போக வேண்டிய திசைக்குப் போகும்.

சென்ற மாசியில் நான்கு விதை போட்டதில் மூன்று முளைத்தது, ஐந்தாம் நாள். தாமதமாகப் போட்டதால் மே வெயிலில் கொடி துவண்டது. ஆனாலும் ஒரு காய் 46 கிலோ வந்தது. பட்டுக்கூடு எடை போடும் மின்தராசில்தான் எடை போட்டோம். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரப் பெரியவர், இத்தனை பெரிய கும்பளகாயை வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். உலகக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் நிலத்தில் அது பெரிது.

இந்த வருடம் ஜனவரி 8-ஆம் தேதி ஐந்து விதை. 12-ஆம் தேதி மூன்று, 13-ஆம் தேதி இரண்டு. ஐந்தும் வந்துவிட்டது. இன்று ஐந்திலும் முதல் இலை விரிந்திருக்கிறது. தை 15-க்குள் குழியில் நடப்போகிறேன். குழியின் அடியில் பாதி மக்கிய எரு போட்டிருக்கிறேன், குப்பைமேடு கற்றுக்கொடுத்த பாடம் அது. அதன் மேல் ஒரு அடி நல்ல மண். ராத்திரியில் செடிக்கு மேல் கோழிக்கூடையைக் கவிழ்த்துச் சாக்கு போர்த்துவேன்.

இதெல்லாம் எங்கள் மேட்டு நிலத்துக் கதை. என் தங்கை தருமபுரி மாவட்டம் அரூரில் இருக்கிறாள். அவளுக்கு நேர் எதிர்த் தொல்லை. சென்ற சித்திரையில் கறுப்பு நாற்றுத்தட்டில் விதை போட்டு, தகரக் கொட்டகைக்குள் வைத்தாள். உள்ளேதான் இருக்கிறது என்ற நம்பிக்கை. மதியம் அந்தத் தட்டு மண் 43 டிகிரி. ஒன்றுகூட வரவில்லை. அவளிடம் பெட்டியும் பல்பும் வேண்டாம், வேப்பமரத்து நிழலில் ஈரச்சாக்கு மேல் தட்டை வை, ஈரச்சாக்கு குளிர்விக்கும் என்று சொன்னேன். எனக்கு எதிரியாக இருந்த அதே ஆவியாதல் அவளுக்கு உதவியது. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 2004 வரை ஒரே மாவட்டம். ஆனால் தளிக்கும் அரூருக்கும் தைக் காலையில் ஒரே சூடு ஒருநாளும் இருந்ததில்லை. உங்கள் பத்திரிகை இரண்டு ஊருக்கும் போகிறது. 'வெதுவெதுப்பான இடம்' என்று நீங்கள் எழுதினால் நான் அடுப்புப் பக்கம் கொண்டுபோகிறேன், அவள் தகரத்துக்குக் கீழே கொண்டுபோகிறாள். இருவருக்கும் விதை போகிறது. '28 முதல் 30 டிகிரி, மண்ணில் அளந்து' என்று எழுதினால் இருவருமே சரியாகச் செய்திருப்போம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டுரையைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் விதை கொண்டுவரச் சொல்லப்போவதாக ஒருவர் சொன்னார். முறையான இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதையைப் பையில் போட்டுக் கொண்டுவரக் கூடாது. 2003-ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அதைத் தடுக்கிறது. ஒரு விதையோடு வரும் நோய் ஊர் முழுவதற்கும் பரவலாம். இங்கேயே விற்பதை வாங்கினால் போதும். இதை அடுத்த கட்டுரையில் நீங்களும் போட வேண்டும்.

உங்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கை. விவசாயப் பக்கத்தில் முளைப்பு, நாற்று என்று எது எழுதினாலும் டிகிரியை எண்ணாகப் போடுங்கள். காற்றின் சூடா, மண்ணின் சூடா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். தக்காளிக்கும் மிளகாய்க்கும் குடைமிளகாய்க்கும் இது பொருந்தும். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில் வைத்திருப்பவர்களிடம் கருவி இருக்கிறது, அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். திண்ணையில் நாலு தட்டு வைத்து நாற்று விடும் எங்களைப் போன்றவர்கள் உங்கள் பக்கத்தை வைத்துத்தான் செய்கிறோம்.

இரண்டாவது, தினமும் நீங்கள் போடும் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை எல்லாமே காற்றின் கணக்கு. வேளாண் வானிலை நிலையங்களில் 5, 10, 20 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலையையும் காலையிலும் மதியத்திலும் எடுக்கிறார்கள். அந்த 5 சென்டிமீட்டர் கணக்கை வாரம் ஒரு நாளாவது எங்கள் பதிப்பில் கேட்டு வாங்கிப் போட முடியுமா? மேட்டு நிலத்துக்கு ஒரு எண், சமவெளிக்கு ஒரு எண் கிடைத்தாலே போதும். விதை போடலாமா, ஒரு வாரம் பொறுக்கலாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

8-ஆம் தேதியிலிருந்து காலை 6 மணி, மதியம் 2 மணி, ராத்திரி 10 மணி என்று மூன்று வேளையும் அறை, பெட்டி, கப்பு மண் மூன்றின் வெப்பநிலையையும் பேரன் நோட்டில் எழுதியிருக்கிறான். 11 நாள் கணக்கு. அந்தப் பக்கங்களின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இடம் இருந்தால் போடுங்கள். டீக்கடையில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு நகலை நானும் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு பட்டு விவசாயி,
தளி ஒன்றியம், கிருஷ்ணகிரி மாவட்டம்